வாயை மூடிக்கொண்டு ஒரு படம்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது நாம் பேசிக்கொள்வதுதான். “இந்தக் காலத்துப் பசங்க பழைய படமெல்லாம் எங்கே பார்க்குதுங்க? பத்து நிமிஷம் உட்காராதுங்க.” சொன்னவர்களில் நானும் உண்டு. இப்போது உங்களையும் என்னையும் சேர்த்தே கேட்கிறேன். என்றைக்காவது ஒரு முழுப்படத்தைப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோமா?

நாம் காட்டுவதெல்லாம் போனில் இரண்டு நிமிஷத் துண்டு. ‘திருவிளையாடல்’ படத்தில் புலவர் தருமி புலம்புகிற காட்சியைக் காட்டி, “எப்படி நடிக்கிறார் பாத்தியா?” என்கிறோம். ஆயிரம் பொற்காசு என்ன கணக்கு, பாட்டு யார் கொடுத்தது, சபையில் என்ன அவமானம் நடந்தது என்று ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு, மண்டபத்தில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் நாகேஷ் யாரோ ஒரு ஒல்லி மனிதர். மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனைக் கேட்கிறது.

அதைவிட மோசம், முழுப்படத்தையும் போட்டுவிட்டு வர்ணனை செய்வது. அதைச் செய்தவன் நான். என் அப்பா எம்.ஜி.ஆர். கட்சி. என்னையும் அதில் சேர்க்கப் படாதபாடு பட்டார். நான் சிவாஜி பக்கம் போனேன். அதை வசதியாக மறந்துவிட்டு, என் மகளிடம் அதே வேலையை ஆரம்பித்தேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஓடுகிறது. சிக்கல் சண்முகசுந்தரம் நாயனத்தை வாயில் வைக்கும்போதெல்லாம் நான் படத்தை நிறுத்தி, கன்னத்தைப் பார், கழுத்து நரம்பைப் பார் என்றேன். மூன்றாவது தடவை அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வரவே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) போட்டிருந்தோம். (கறுப்பு வெள்ளை என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கு: அது ஈஸ்ட்மென் கலர் படம்.) சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, காசு தராத அப்பா விஸ்வநாதனை உட்கார வைத்துத் திகில் கதை சொல்கிறான். சத்தமெல்லாம் நாகேஷின் வாயாலேயே வருகிறது. நானும் நீங்களும் அந்தக் காட்சியில் நாகேஷைத்தான் பார்ப்போம். இவள் கதை கேட்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வசனம் சொற்பம். கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. சொல்லும் கதையில் பாதி அந்த முகத்தில்தான் நடக்கிறது. “இந்த அப்பா யாருப்பா?” என்றாள்.

டி.எஸ்.பாலையா. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த எத்தனையோ படங்களில் இருந்தவர். உனக்குப் பிடித்த நடிகர் யார் என்று யார் கேட்டிருந்தாலும் அவர் பெயர் என் வாயில் வந்திருக்காது.

அதன் பிறகு தேடல் அவளுடையது. ‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதர் அவர்தான் என்று கண்டுபிடித்தாள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு அவ்வளவு செருக்கோடு வாயசைத்த மனிதர், விறகு விற்கிறவன் பாட்டைக் கேட்டு வெலவெலத்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான் நிறுத்தி நிறுத்திக் கெடுத்த தில்லானாவையும் அவளாகவே போட்டாள், தவில்காரர் முத்துராக்குவுக்காக. வந்த இடத்தில் ஜில் ஜில் ரமாமணியும் கிடைத்தார். மனோரமாவை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘பாமா விஜயம்’ (1967) பார்த்ததில் சௌகார் ஜானகி சேர்ந்துகொண்டார். சிவாஜியும் பிடிக்குமாம், “ஆனா நீ சொன்னதுக்காக இல்ல” என்கிறாள்.

பழைய படங்களில் உறுத்துகிறதும் உண்டு, தெரியும். பெண்டாட்டியை அறைந்து திருத்துவது, நிறத்தை வைத்துக் கேலி செய்வது. அந்த இடத்தில் பிள்ளை திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். பேச வேண்டியது அப்போதுதான். மற்ற நேரத்தில் அந்த வர்ணனையை நிறுத்துங்கள் ஐயா. ரிமோட்டைக் கீழே வையுங்கள். பாட்டு வந்தால் தள்ளிவிடாதீர்கள், பெயர்கள் ஓடும்போது தள்ளவே தள்ளாதீர்கள். உங்கள் தலைவரைப் பிள்ளை கண்டுகொள்ளவில்லை என்றால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

போன மாதம் அப்பா வந்திருந்தபோது ‘மதுரை வீரன்’ (1956) போட்டோம். அவர் எம்.ஜி.ஆருக்காக உட்கார்ந்தார், பேத்தி பாலையாவுக்காக. வில்லன் நரசப்பன் வந்ததும் இவள் கைதட்டினாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“தாத்தா, உங்க ஆளும் என் ஆளும் ஒரே படத்துலதான் சினிமாவுக்கு வந்தாங்க. ‘சதி லீலாவதி’, 1936.”

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீ பேசாம படத்தைப் பாருடா” என்றார். நான் வாயையே திறக்கவில்லை.