பெரிய பார்ட்டி எல்லாம் நல்ல பார்ட்டி அல்ல

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துபவரிடமோ, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரியிடமோ, உங்கள் முக்கியமான பார்ட்டி யார் என்று கேட்டால், அதிகம் சரக்கு எடுப்பவரின் பெயர்தான் பெரும்பாலும் வரும். விற்பனைத் தொகையை மேலிருந்து கீழாக அடுக்கி, முதலில் நிற்பவருக்கு நீண்ட தவணை, கூடுதல் தள்ளுபடி, தீபாவளிக்குப் பெரிய இனிப்புப் பெட்டி என்று கவனிப்பது ஊர் வழக்கம். இந்த வரிசை தப்பு. பணம் எத்தனை நாளில் வருகிறது என்பதை முதலில் பார்த்து, எவ்வளவு வாங்குகிறார் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கி 120 நாளில் பணம் தருபவரிடம் எப்போதும் 40 லட்சம் பாக்கி நிற்கும். மாதம் 4 லட்சத்துக்கு வாங்கி 30 நாளில் தருபவரிடம் நிற்பது 4 லட்சம்தான். லாபம் 8 சதவீதம், நம் கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதலாமவரிடம் வரும் 80,000 ரூபாயில் 40,000 வட்டிக்கே போய்விடும். இரண்டாமவரிடம் வரும் 32,000-இல் 4,000 போக 28,000 மிஞ்சும். அப்படிப் பார்த்தாலும் 40,000 பெரிதுதானே என்று தோன்றும். ஆனால் அதற்காக முடங்கிக் கிடப்பது 40 லட்சம். 28,000-க்கு முடங்கியது 4 லட்சம். சிறு தொழிலை நெரிப்பது பல நேரம் ஆர்டர் பஞ்சம் அல்ல, கைமுதல் பஞ்சம். அதே 40 லட்சத்தைப் புரட்டினால் இரண்டாமவரைப் போன்ற பத்துப் பேருக்குச் சரக்கு கொடுக்கலாம். இது போதாதென்று, 90 நாள் கடந்த பாக்கியைப் பொதுவாக வங்கிகள் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் வரம்புக்குக் கணக்கில் எடுப்பதில்லை. ஜி.எஸ்.டி.யும் காத்திருக்காது. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர், பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். வாங்கியவரோ அதே பில்லைக் காட்டி உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்வார். 180 நாள் கடந்தும் பணம் தராவிட்டால்தான் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தராமலே அவருக்கு வரிச் சலுகை, அதற்கு முதல் போடுவது நாம்!

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது; மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராதவர், அதைக் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது என்று 2023-இல் வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் சட்டத்தைவிட வலுவானது. வியாபாரிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. 2021-இல் அவர்களைக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவில் சேர்த்தது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. தாமதப் பணத்துக்கான விதிகள் அவர்களுக்குப் பொருந்தாது. கடைகளுக்குக் கடனில் சரக்கு போடுபவருக்கு, யாருக்கு எவ்வளவு கடன் என்று தானே வகுத்துக்கொள்ளும் தரவரிசைதான் முதல் காவல்.

பெரிய கம்பெனிப் பணம் தாமதமானாலும் வந்துவிடும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. பணம் வந்துவிடலாம், கம்பெனியே தங்குமா என்பது வேறு கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது; 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அளவை நம்பி ஒரே வாடிக்கையாளருக்காக இயந்திரம் வாங்கிப் போட்டவருக்கு, எவ்வளவு பெரிய பெயரும் அடுத்த ஆண்டு ஆர்டருக்கு உத்தரவாதம் அல்ல. பெரியவரை விட்டால் இயந்திரம் சும்மா நிற்குமே என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். விடச் சொல்லவில்லை. அவருக்கான கடன் வரம்பை விற்பனையை வைத்து ஏற்றாமல், பணம் வரும் நாளை வைத்து ஏற்றுங்கள். தாமதத்தின் வட்டியை விலையில் சேருங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம் என்றால், அது பதிந்தாக வேண்டிய ட்ரெட்ஸ் தளத்தில் பில்லை ஏற்றி முன்கூட்டியே பணமாக்க முடியுமா என்று கேளுங்கள்.

சிறிய பார்ட்டிகள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லைதான். அதனால்தான் ஆளின் அளவைப் பார்க்காமல் நாளை எண்ணச் சொல்கிறேன். அதிலும் 60 நாள் என்று சொல்லி அறுபதாம் நாள் தருபவர், 30 என்று சொல்லி 55-இல் தருபவரைவிட என் கணக்கில் மேல். முன்னவரை நம்பிச் சம்பளத் தேதி குறிக்கலாம். தாமதத்துக்கு நாமே காரணமாக இருப்பதும் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டர் எண் விடுபட்ட பில்லும், தரச் சோதனையில் திரும்பி வந்த சரக்கும் வாடிக்கையாளரின் கணக்கில் ஏறக் கூடாது. நாள் தவறாதவருக்கு முதல் டெலிவரியும் ரொக்கத் தள்ளுபடியும் கொடுக்க வேண்டும்; இப்போது அவை அதிகம் வாங்குகிறார் என்பதற்காக இழுத்தடிப்பவருக்குப் போகின்றன.

இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். விற்பனைப் பட்டியல் எடுக்கும் அதே டேலியில் நாள் வாரியான பாக்கிப் பட்டியலும் இருக்கிறது. அடுத்த 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டும்போது, வரி கட்டியும் பணம் வராத பில்களைப் பார்ட்டி வாரியாகக் கூட்டிப் பாருங்கள். அடுத்த மாதம் யாருக்கு எவ்வளவு கடன் என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.