கேக்குக்கு வெண்ணெய், பின்னலுக்குப் பருத்தி



தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் நேரம் இது. வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் போடலாமா, பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னி விற்கலாமா, கையில் காசு குறைவு, சாமான் எங்கே மலிவு? ஆன்லைனில் வரவழைக்கும் பெட்டிக்கே கேக்கின் லாபம் போய்விடுகிறது என்று திருத்தங்கலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். படித்ததும் மனசு கேட்கவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அட்டைப்பெட்டியை வெளியூரிலா வாங்குவது?

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, பின்னால் பட்டாசுக்குப் பெட்டி தேவைப்பட்டது. அச்சகங்களும் அட்டைப்பெட்டித் தொழிலும் அப்படித்தான் இங்கே வேர்பிடித்தன. அச்சிடாத வெள்ளைப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டால் போதும். வாங்கும்போது பெட்டியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் அது பழைய காகிதத்தை அரைத்துச் செய்த அட்டை. பழைய அச்சு மையின் மிச்சம் அதில் இருக்கலாம். மத்தாப்புக்கு அது சரி. கேக் அதில் நேராகப் படக்கூடாது. அடியில் கேக் போர்டு, சுற்றிலும் பட்டர் பேப்பர் வைத்துவிடுங்கள்.

மைதா, சர்க்கரையை விருதுநகர் மொத்தக் கடைகளில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் மைதாவில் சீக்கிரம் வண்டு விழும், ஆகவே மூட்டையாக வாங்கி ஒருவரே வைத்துக்கொள்ளாதீர்கள். பேக்கிங் பவுடர் மட்டும் சின்ன டப்பாவாகவே வாங்குங்கள். திறந்த டப்பா நாளாக ஆக வீரியம் இழக்கும். ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் போட்டால் புசுபுசுவென்று நுரைக்க வேண்டும். நுரைக்காததைப் போட்டால் முட்டை, வெண்ணெய், எல்லாமே வீண். ஓவன் வாங்கக் கடன் வாங்காதீர்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிய குக்கரில், அடியில் உப்பு பரப்பி, அருமையான கேக் எடுக்கலாம்.

வெண்ணெயில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விலை கட்டவில்லை என்றால் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி ஸ்பாஞ்ச் கேக் போடுங்கள், எண்ணெய் கேக் என்று சொல்லியே விற்கலாம். வனஸ்பதியைப் போட்டுவிட்டு வெண்ணெய் கேக் என்று சொன்னால், வாங்கியவர் அடுத்த வருஷம் வரமாட்டார். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

பின்னலுக்கு வருகிறேன். கடையில் 'உல்லன் நூல்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். பளபளப்பாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நம் வெக்கையில் பச்சைப்பிள்ளை உடம்பில் அதைப் போட மனம் வராது. ராஜபாளையமும் அருப்புக்கோட்டையும் நூற்பாலை ஊர்கள். அங்கே பருத்தி நூல் கோனாகவும் சிட்டாவாகவும் கிடைக்கும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 20-ஆம் நம்பர் நூலே குரோஷா ஊசிக்கு மெலிசுதான், நாலைந்து இழை சேர்த்துப் பின்னுங்கள். சாய நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், அடுத்த முறை அதே நிறம் அமையாது. பின்னுவதற்கு முன் சிட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால், துவைத்த பிறகு சட்டை அதிகம் சுருங்காது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் இடங்களில் விழும் வெட்டுத்துணியை நாடாவாகக் கிழித்தால் மிதியடி பின்னலாம்.

சூடான டிரேயைப் பிடிக்கும் கரித்துணியை அக்ரிலிக்கில் பின்னவே பின்னாதீர்கள். அது சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் ஏன் பருத்தி உடுத்திப் போகிறார்கள் என்று பட்டாசு வேலைக்குப் போகும் உங்கள் அக்காவைக் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

பத்து, இருபது என்று சில்லறையாகக் கேக் பெட்டி கொடுக்கும் கடை சிவகாசியில் உங்களுக்குத் தெரிந்தால் தெருப் பெயரோடு எழுதுங்கள். திருத்தங்கல் சகோதரிக்கு உடனே தெரிவிக்கிறேன், அடுத்த இதழிலும் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்