‘டூ தி நீட்ஃபுல்’ என்று மெயில் அனுப்புகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படியுங்கள்!

ஆபீஸ் மெயிலில் சின்ன இலக்கணப் பிழை இருந்தால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், நீங்கள் ஒன்றை நினைத்து எழுத, படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொண்டால் வேலையே கெட்டுவிடும்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ‘டேபிள்’ என்ற ஒரே சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அதன் அர்த்தம், விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கர்களுக்கோ, ஒத்திவைப்பது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான் என்பது பிறகுதான் புரிந்தது. இதை சர்ச்சிலே தன் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

நம் மெயில்களில் அடிக்கடி வரும் சில பிரயோகங்களைப் பார்ப்போம்.

டூ தி நீட்ஃபுல்: நம் அரசுக் கடிதங்களில் வரும் ‘ஆவன செய்யவும்’ போன்றது இது. பிரிட்டனில் வழக்கொழிந்துவிட்டது, இந்தியாவில் உயிரோடு இருக்கிறது. தவறில்லை. ஆனால், என்ன செய்ய வேண்டும் என்பதை இது சொல்வதே இல்லை. செய்ய வேண்டிய வேலையையே நேரடியாக எழுதுங்கள்.

ரிவர்ட்: நாம் ‘பதில் போடுங்கள்’ என்ற அர்த்தத்தில் எழுதுகிறோம். வெளிநாட்டினர் பலருக்கு இது ‘பழைய நிலைக்குத் திரும்புவது’. சாஃப்ட்வேர் துறையில், செய்த மாற்றத்தை நீக்கிவிடுவது. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றால், முடித்த வேலையை அழித்துவிடச் சொல்கிறீர்களோ என்று ஒருவர் குழம்பலாம். ‘ப்ளீஸ் ரிப்ளை’ போதும்.

ஐ ஹேவ் எ டவுட்: தமிழில் ‘சந்தேகம்’ என்றால் கேள்வியாகவும் இருக்கலாம், நம்பிக்கைக் குறைவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘டவுட்’ பெரும்பாலும் இரண்டாவதுதான். வெளிநாட்டு மேலதிகாரி, தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்ளக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று எழுதுங்கள்.

பாஸ்ட் அவுட்: ‘2023-ல் படிப்பை முடித்தேன்’ என்று சொல்ல ரெஸ்யூமேவில் இதை எழுதுகிறார்கள். வெளிநாடுகளில் பலருக்கு, ‘2023-ல் மயங்கி விழுந்தேன்’ என்றுதான் தோன்றும். ‘கிராஜுவேட்டட்’ என்பதே பாதுகாப்பு.

ப்ரீபோன்: ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக இந்தியர்கள் புழங்கும் இந்தச் சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் உண்டு. நம் ஊருக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டு மெயில் என்றால், பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

தேதியிலும் கவனம் தேவை!

05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. இன்டர்வியூ தேதியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாதத்தை எழுத்தால் எழுதிவிடுவதே நல்லது.

‘இ.ஓ.டி.’, அதாவது நாள் முடிவுக்குள் என்பதும் அப்படித்தான். சென்னையில் மாலை 6 மணி ஆகும்போது நியூயார்க்கில் அப்போதுதான் காலை வேலை தொடங்கும் நேரம். யாருடைய நாள் முடிவு? ‘வெள்ளிக்கிழமை மாலை 5 மணி, இந்திய நேரம்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

அனுப்பும் முன்...

* சப்ஜெக்ட் வரியில் வெறும் ‘அர்ஜென்ட்’ வேண்டாம். ‘ஜூன் மாத பில், வெள்ளிக்குள் ஒப்புதல் தேவை’ என்பதுபோல விஷயத்தையே எழுதுங்கள்.

* என்ன வேண்டும் என்பது முதல் இரண்டு வரிகளுக்குள் வந்துவிடட்டும். விளக்கம் பிறகு.

* ‘யார், எதை, எப்போதுக்குள்’ என்ற மூன்றுக்கும் மெயிலில் பதில் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நாம் பேசும் இந்திய ஆங்கிலம் மட்டமானதல்ல. கூச்சப்பட வேண்டியதும் இல்லை. படிப்பவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் போதும். அடுத்த மெயிலில் ‘நீட்ஃபுல்’ என்று டைப் செய்ய விரல் போனால், ‘எதைச் செய்ய வேண்டும்?’ என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். வரும் பதிலை அப்படியே எழுதிவிடுங்கள்!