மேலாளர் இல்லாத குழுவில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

மேலாளர் கிடையாது, பதவி வேறுபாடு கிடையாது, அனைவரும் சமம் என்று அறிவித்து ஆள் சேர்க்கும் மென்பொருள் நிறுவனங்கள் உண்டு. கல்லூரி முடித்து இத்துறைக்குள் நுழையும் தலித் மாணவர்களுக்கு இவ்வறிவிப்பு நம்பிக்கையூட்டுவது இயல்பே. சாதி என்பதே படிநிலைதான்; படிநிலையை மறுக்கும் இடம் நமக்கு உகந்ததாகத்தானே இருக்க வேண்டும்? இந்த நம்பிக்கையை நாம் உரிமையின் கண்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வெண்ணத்துக்கு நியாயமான அடிப்படை உண்டு. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள் வெளியிட்ட அஜைல் அறிக்கை, தம்மைத் தாமே ஒழுங்கமைத்துக்கொள்ளும் குழுக்களை முன்னிறுத்தியது. நிரலை எழுதுபவரே அதன் சிக்கலை அறிந்தவர். ஒவ்வொரு முடிவுக்கும் மேலிருந்து ஒப்புதல் வரக் காத்திருந்தால் வேலை தேங்கும். பிழையைச் சுட்டிக்காட்ட இளையவர் அஞ்சினால் அப்பிழை பயனரிடம் போய்ச் சேரும்.

ஆயினும் பதவிகளை நீக்குவதும் அதிகாரத்தை நீக்குவதும் ஒன்றல்ல. 1970களின் தொடக்கத்தில் பெண்கள் இயக்கத்தின் தலைமையற்ற குழுக்களை ஆராய்ந்த அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன், கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று இருக்க முடியாது என்று வாதிட்டார். வெளிப்படையான விதிகள் இல்லாத இடத்தில் நட்பு வட்டங்களே ஆளுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. மேலதிகாரிகளே இல்லை என்று தன் பணியாளர் கையேட்டில் எழுதிக்கொண்ட வால்வ் நிறுவனத்திலும், மறைவான நிர்வாக அடுக்கொன்று இயங்கியதாக அங்கிருந்து நீக்கப்பட்ட பொறியாளர் ஜெரி எல்ஸ்வர்த் 2013இல் கூறினார்.

இந்தியர்கள் பணிபுரியும் குழுக்களில் அந்த நட்பு வட்டம் எதனால் ஆனது? படித்த கல்லூரி, நுழைவுத்தேர்வுத் தரவரிசை, குடும்பப் பெயர், உணவு, பேச்சுவழக்கு. இவை ஒவ்வொன்றின் பின்னும் சாதி நிற்கிறது.

சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசின் குடிமையுரிமை அமைப்பு 2020இல் தொடுத்த வழக்கு இதற்கோர் எடுத்துக்காட்டு. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்பது சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தப்பட்டது, புகார் அளித்த பின் அவர் தனிமைப்படுத்தப்பட்டார், வாய்ப்புகள் மறுக்கப்பட்டன என்பன குற்றச்சாட்டுகள். நிறுவனம் இவற்றை மறுத்தது. 2023 ஏப்ரலில் இரு மேலாளர்கள் மீதான வழக்கை அந்த அமைப்பே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கை அப்போது விலக்கிக்கொள்ளவில்லை.

வழக்கின் முடிவு எதுவாயினும், நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே மேலாளர்கள் இருந்தனர். முடிவுகளுக்குப் பெயரும் தேதியும் இருந்தன. ஆகவே கேள்வி எழுப்ப முடிந்தது. 'குழுவே முடிவெடுத்தது' என்று சொல்லப்படும் இடத்தில் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது? முகவரியற்ற அதிகாரத்துக்கு நோட்டீஸ் அனுப்ப இயலாது.

நம் நாட்டிலோ இடைவெளி இன்னும் பெரிது. அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைவாய்ப்புக்கே பொருந்தும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறிப்பிட்ட குற்றங்களைத் தண்டிக்கிறது. நல்ல பணி தொடர்ந்து வேறொருவருக்கே போவதை அச்சட்டத்தின் கீழ் கொண்டுவருவது எளிதன்று. ஆனால் 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேர் பணிபுரியும் நிறுவனம் எதுவாயினும் வெளி உறுப்பினரைக் கொண்ட உள்ளகப் புகார்க் குழுவை அமைத்தே ஆக வேண்டும். 'நாங்கள் அனைவரும் சமம்' என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. சாதிப் பாகுபாட்டுக்கும் இத்தகைய கடப்பாடு வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

படிநிலையற்ற குழுவை நடத்துபவரின் கடமையும் இங்கேதான் தொடங்குகிறது. ஒதுங்கி நிற்பது தலைமை ஆகாது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அனைவரும் காணும்படி எழுதி வைப்பதே தலைமை. முக்கியப் பணிகள் எந்த முறையில் பகிரப்படுகின்றன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பும், குறிப்பெடுத்தல் போன்ற பெயர் கிடைக்காத வேலைகளும் சுழற்சியில் வர வேண்டும். கோட் ரிவியூவில் ஒருவரது நிரலை நிராகரிப்பவர் காரணத்தை எழுத வேண்டும். ஊதிய வரம்புகள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் 'சாதி' என்ற சொல் இடம்பெற வேண்டும்; ஆப்பிள் நிறுவனம் அச்சொல்லைச் சேர்த்த முன்னுதாரணம் நம்முன் உள்ளது.

நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்கள், மேலாளர் உண்டா என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். பதவி உயர்வை முடிவு செய்பவர் யார், அம்முடிவு எங்கே பதிவாகிறது, அதை எதிர்த்து யாரிடம் முறையிடலாம் என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை தரும் குழுவில் சமத்துவம் இருக்க வாய்ப்புண்டு. விடை இல்லாத இடத்தில் படிநிலை ஒழிந்துவிடவில்லை. எழுதப்படாமல் இருக்கிறது, அவ்வளவே.