தவணை நீண்டது, பொறுப்பு நீங்கவில்லை

கொரோனாத் தொற்றினால் நாடு முடங்கியிருந்த 2020 மார்ச் 25 அன்று, வாகனங்களின் ஆண்டுப் பரிசோதனையான எம்.ஓ.ரி.க்கு ஆறு மாதத் தவணை வழங்குவதாகப் பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. தோர்ண்டன் ஹீத் போன்ற பகுதிகளில் வாழும் எம்மவருக்கு இது சிறிய செய்தியன்று. கடைக்கும் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் அகாலத்தில் வேலைக்குச் செல்வோர்க்கு வாகனமே கால். அச்சலுகை உண்மையில் எதை வழங்கியது, எதை வழங்கவில்லை என்பதை இன்று திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில், மார்ச் 30 அன்றோ அதன் பின்னரோ பரிசோதனைத் தவணை முடியும் கார், மோட்டார் சைக்கிள், சிறிய வான் ஆகியவற்றுக்கு இது பொருந்தியது. விண்ணப்பம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பதிவேட்டில் திகதி தானாகவே மாற்றப்பட்டது. ஆனால் மார்ச் 30க்கு முன்னரே தவணை கடந்த வாகனங்களுக்கு இதில் இடமிருக்கவில்லை.

மாறியது திகதி மட்டுமே. தேய்ந்த பிறேக்கையும் வழுக்கிய ரயரையும் எந்த அரசாணையாலும் புதுப்பிக்க முடியாது. வாகனத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளருடையதே என அமைச்சு அப்போதே கூறியிருந்தது. ஆபத்தான நிலையிலுள்ள வாகனத்தைச் செலுத்துவோருக்கு 2,500 பவுண்கள் வரை தண்டமும், அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகளும் விதிக்கப்படலாம். தவணை நீடிப்பு இதற்குக் கவசமாகாது.

இச்சுமை எல்லோர்மீதும் சமமாக விழவில்லை என்பதே எமது கருத்து. புதிய காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் பரிசோதனையே தேவையில்லை. பழைய காரை மலிவாக வாங்கி ஓட்டுவோருக்கோ, தேர்ந்த கண்ணொன்று வாகனத்தின் அடிப்பாகத்தைப் பார்க்கும் ஒரே நாள் எம்.ஓ.ரி. நாள்தான். அந்த நாள் தள்ளிப்போனபோது, பிழையைக் கண்டறியும் பொறுப்பும் செலவும் வசதி குறைந்தோரிடமே வந்து சேர்ந்தன.

அதே வாரத்தில் இன்னொரு தவணையும் அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரி 24க்குப் பின் விசா முடிவடைந்து, பயணத் தடைகளால் நாடு திரும்ப முடியாதிருந்தோருக்கு மே 31 வரை கால நீடிப்பு வழங்க உள்துறை அமைச்சு முன்வந்தது. பின்னர் அது யூலை 31 வரை நீண்டது. ஆனால் இதனைப் பெற, உரியவர் தாமே அமைச்சுடன் தொடர்பு கொள்ள வேண்டியிருந்தது. வாகனத்துக்குத் தானாக வந்த தவணையை மனிதர் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. குறொய்டன் லூனார் ஹவுஸ் வாசலில் காத்திருந்து பழகிய எம் சமூகத்துக்கு இவ்வேறுபாட்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு சலுகையின் விதியை இன்னொன்றுக்கும் பொருத்திப் பார்ப்பவர் அறியாமலே சட்டத்துக்கு வெளியே நின்றுவிடக்கூடும்.

சலுகைகள் முடியும் முறையும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் 2020 பெப்ரவரி முதல் காலாவதியான வாகன ஆவணங்களின் செல்லுபடி, மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டு 2021 ஒக்ரோபர் 31 வரை சென்றது. பிரித்தானியாவிலோ நான்கு மாதங்களில் கதவு மூடப்பட்டது. 2020 யூலை 31 அன்று தவணை முடிந்த வாகனத்துக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. ஓகஸ்ற் முதலாம் திகதி முடிந்த வாகனத்துக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. இன்னுமொரு நீடிப்பு வருமென்று நம்பியிருப்பது அறிவுடைமையாகாது.

எம்.ஓ.ரி. இன்றி வாகனம் செலுத்தினால் 1,000 பவுண்கள் வரை தண்டம் விதிக்கப்படலாம். வேறொருவருக்கு அது பண இழப்போடு முடிந்துவிடும். எம்மவருக்கு அவ்வாறன்று: நீதிமன்றம் விதித்த தண்டனையைக் குடியுரிமை விண்ணப்பத்தில் குறிப்பிட்டாக வேண்டும். ஆகவே அரசு எந்தத் தவணையை நீடித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்: எந்தத் திகதியிலிருந்து? யாருக்கு? தானாக வருமா, கேட்டுப் பெற வேண்டுமா? இவற்றுக்கு விடை தெரியும்வரை, பழைய திகதியே எமது திகதி என்று கொள்வதே பாதுகாப்பு.