பிஞ்சு இருதயங்களும் நாட்டின் கடமையும்

உயிரோடு பிறக்கும் ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள்ளும் ஏறக்குறைய எட்டுப் பேர் இருதயத்தில் ஏதேனும் ஒரு குறைபாட்டோடு பிறக்கின்றனர். மாடி வீடு, மண் குடிசை, தலைநகர், வன்னிக் கிராமம் என்ற வேற்றுமை இந்தக் கணக்குக்கு இல்லை. ஆனால் அந்த எட்டுப் பேருள் யார் பிழைப்பர், யார் பிழையார் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் வேற்றுமைகள் யாவும் வந்து புகுந்துகொள்கின்றன. அரசியல் ஏட்டுக்கு வைத்தியப் பேச்சு எதற்கு என்று கேட்பாரும் உளர். தவிர்க்கக்கூடிய மரணம் தவிர்க்கப்படாமற் போகும் இடத்தில் வைத்தியம் முடிந்து அரசியல் தொடங்கிவிடுகிறது என்பதே எமது விடை.

இக்குறைபாடுகள் யாவை? இருதயத்தின் வலப்பக்கம் உடலிலிருந்து வரும் அசுத்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் நுரையீரலிலிருந்து பிராணவாயு பெற்றுவரும் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சுவர் உண்டு. அச்சுவரில் துவாரம் இருந்தாலோ, இரு பெரும் நாடிகளுக்கிடையே வேண்டாத இணைப்பு இருந்தாலோ இரத்தம் வழிமாறி ஓடுகிறது. நீர் இறைக்கும் கமக்காரனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வரம்பு உடைந்தால், நீர் பாய்ந்த பாத்திக்கே மீண்டும் மீண்டும் நீர் பாய்கிறது. அங்கே பயிர் அழுகுகிறது. கடைசிப் பாத்தியிலே பயிர் வாடுகிறது. அவ்வாறே இடப்பக்கத்து இரத்தம் துவாரத்தின் வழியே வலப்பக்கம் புகுந்து நுரையீரலுக்கே திரும்பும்போது, நுரையீரல் இரத்தத்தால் நிரம்பித் திணறுகிறது. உடலோ வளர்ச்சியின்றி மெலிகிறது. பால் குடிக்கையில் வியர்த்துக் களைக்கும் குழந்தை, நிறை ஏறாத குழந்தை, அடிக்கடி நெஞ்சுச் சளியால் வருந்தும் குழந்தை ஆகியோருட் சிலர் இவ்வகையினர்.

நுரையீரலுக்குச் செல்லும் பாதை ஒடுங்கியிருக்க, கூடவே துவாரமும் இருந்தால், அசுத்த இரத்தம் நுரையீரலை அடையாமலே உடலுக்குள் பாய்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபலோ 1888ஆம் ஆண்டில் விவரித்த நால்வகைக் கோளாறு இதற்குத் தலையாய உதாரணம். சிறிது தூரம் நடந்ததும் குந்தியிருந்து மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவோர், அப்பிள்ளை தன் உயிரைக் காக்கத் தானே கண்டுபிடித்த உபாயம் அது என்பதை அறிவாரா?

இந்நோய்களின் வரலாற்றிலே நாம் கற்க வேண்டிய பெரும் பாடம் ஒன்றுண்டு. கருவிலிருக்கும் சிசுவின் நுரையீரல் தொழிற்படுவதில்லை. ஆதலால் நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் குறுக்கு வாய்க்கால் ஒன்றை இயற்கை அமைத்திருக்கிறது. பிறந்த சில நாள்களில் அது தானே அடைபட வேண்டும். அடைபடாமல் நின்றால் நோய். 1938 ஓகஸ்ட் 26ஆம் நாள், பொஸ்ரன் நகரிலே ரொபேட் குரொஸ் என்ற இளம் சத்திரசிகிச்சையாளர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவ்வாய்க்காலைக் கட்டி அடைத்து வெற்றி கண்டார். பிறவி இருதய நோய்ச் சத்திரசிகிச்சையின் யுகம் அன்று பிறந்தது.

ஆனால் போல்ற்றிமோர் நகரில் ஹெலன் தௌசிக் என்ற மருத்துவ மாது வேறொன்றைக் கண்டார். செவிப்புலன் குன்றிய அவர், குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்தே இருதயத்தின் நிலையை உணரப் பழகியவர். நீலக் குழந்தைகள் பலரின் நிலை, அந்த வாய்க்கால் அடைபட்ட பின்னரே மோசமாகிறது என்பதை அவர் அறிந்தார். அப்படியாயின் அவர்களுக்கு ஒரு புது வாய்க்காலை அமைத்துக் கொடுத்தால் என்ன? இக்கேள்வியை ஏற்ற அல்பிரட் பிளேலொக், 1944 நவம்பர் 29ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு அச்சத்திரசிகிச்சையைச் செய்தார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. எனினும் அன்று திறந்த வழியால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பின்னர் உயிர் தப்பினர்.

ஒருவருக்கு நோயாக நிற்கும் வாய்க்கால் மற்றொருவருக்கு உயிர்நாடியாகிறது. இரு பெரும் நாடிகளும் இடம்மாறிப் பிறக்கும் சிசுவிலே, இரத்தம் கலப்பதற்கு ஏதேனும் ஒரு வழி இருந்தால்தான் உயிர் தரிக்கும். அத்தகைய சிசுவுக்கு அவ்வாய்க்கால் அடைபடாமல் இருக்கப் புரொஸ்ராகிளாண்டின் என்னும் மருந்தை ஏற்றி, அதன் பின்னரே சத்திரசிகிச்சைக்கு அனுப்புகின்றனர். ஆகவே மடையை அடைப்பதா, திறப்பதா என்பதை நோயைத் துல்லியமாக அறிந்தவரே சொல்ல முடியும். அறியாமற் செய்யும் சிகிச்சை கொலையாகும்.

இன்னொன்றையும் இங்கே குறிக்காமல் விடுவது நீதியாகாது. அந்தச் சத்திரசிகிச்சையின் நுட்பத்தை ஆய்வுகூடத்தில் நாய்களிற் செய்து செய்து பண்படுத்தியவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பின உதவியாளர். மருத்துவக் கல்லூரியின் படி ஏற வறுமை அவரை விடவில்லை. அவர் தொழில் ஆய்வு. சம்பளப் பட்டியலில் அவருக்கு வாய்த்த வகுப்போ துப்புரவுத் தொழிலாளியினது. முதற் சத்திரசிகிச்சையின்போது பிளேலொக்கின் பின்னே நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் அவரே. 1976இலேதான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. திறமை எந்தக் குடிசையிலும் பிறக்கும்; அதற்கு வழியடைப்பது சமுதாயமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, தாமதத்தின் விலையைக் கூறுவோம். கீழறைகளுக்கிடையே பெருந்துவாரம் உள்ள குழந்தைக்கு முதலாண்டுக்குள் அதனை அடைத்துவிட்டால், பெரும்பாலும் ஏனைய பிள்ளைகளைப் போலவே ஓடி ஆடி வளரும். அடைக்காமல் விட்டால், மிகையாகப் பாயும் இரத்தத்தின் அழுத்தத்தால் நுரையீரலின் நாடிகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்து இறுகிவிடுகின்றன. பின்னர் ஒரு நாள் ஓட்டமே திசை மாறுகிறது. அதுவரை சிவந்திருந்த உதடு நீலமாகிறது. ஐசன்மெங்கர் நோய் என்பது இதுவே. அந்நிலையில் துவாரத்தை அடைத்தல் ஆகாது. ஏனெனில், இருதயத்தின் வலப்பக்கம் தன் பாரத்தை இறக்கிவைக்க எஞ்சியுள்ள ஒரே வழி அத்துவாரமே. குழந்தைப் பருவத்தில் உயிர்காத்திருக்கக்கூடிய அதே சத்திரசிகிச்சை வாலிபத்தில் உயிர் குடிக்கும்! அப்பிள்ளை பெண்ணாயின், கருவுறுவதே அவளுக்குப் பேராபத்தாகிறது. பெற்றோரின் அறியாமையோ, பயணச் செலவுக்கு வழியின்மையோ, காத்திருப்போர் பட்டியலின் நீளமோ, எதுவாயினும் தாமதம் தாமதமே. நுரையீரலின் நாடி காரணம் கேட்பதில்லை.

இவ்வளவு பெரிய நோயை அறிய மலைபோன்ற இயந்திரங்கள் வேண்டுமோ? முதற் படிக்கு வேண்டா. விரலிலே மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் ஒக்சிமீற்றர் என்ற சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் நாம் யாவரும் கண்டோம். சிசு பிறந்து 24 மணிநேரம் கழிந்தபின், அதன் வலக்கையிலும் ஒரு காலிலும் இக்கருவியை வைத்துப் பார்த்தாற் போதும். அளவு 90 வீதத்துக்குக் குறைந்தால் உடனடிப் பரிசோதனை வேண்டும். அளவு 95 வீதத்தை எட்டாமலோ, கைக்கும் காலுக்கும் இடையே 3 வீதத்துக்கு மேற்பட்ட வேறுபாடாகவோ நின்றால், மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அப்போதும் மாறாவிடின் ஆராய வேண்டும். சிசுவுக்கு நோவில்லை, சில நிமிட நேரமே செல்லும். அமெரிக்கா 2011இல் இதனைப் புதிதாய்ப் பிறந்தோருக்கான பொதுப் பரிசோதனைகளுள் ஒன்றாக ஏற்றது. உடல் நீலம் கண்ணுக்குத் தெரியுமுன்னரே நோயை உணர்த்தவல்லது இது. எனினும் நீலம் பாரிக்காத துவாரங்களை இது காட்டாது. அவற்றைக் காண டாக்டரின் செவியும், குடும்பநல உத்தியோகத்தரின் நிறைப் பதிவும், தாயின் கண்ணும் வேண்டும். ஐயம் தோன்றினால் எக்கோ பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் சோதித்துப் பெற்றோரை ஏன் வீணே அஞ்சவைக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. சிறு துவாரங்கள் பல காலப்போக்கில் தாமே மூடிக்கொள்கின்றன. இருதயத்திற் கேட்கும் ஒலிகள் பல நோயே அல்ல. ஆனால் அதைத் திட்டமாக அறிந்து சொல்வதற்கும் அதே பரிசோதனைதான் வேண்டும். இருதயத்தில் ஏதோ சத்தம் என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக விளையாட்டுத் திடலுக்கு அனுப்பாமலும், கலியாணம் பேச அஞ்சியும் வளர்க்கப்படும் நலமான பிள்ளைகள் இல்லையா? நோயுள்ளவனுக்குச் சிகிச்சையும், நோயற்றவனுக்கு விடுதலையும் தருவது சரியான நோயறிதலே.

தாயின் மீது பழி சுமத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும். கிரகணத்தில் வெளியே வந்தாள், தோஷமுள்ள நாளிற் பெற்றாள் என்றெல்லாம் பேசுவது பேதைமை. பெரும்பாலான பிள்ளைகளிற் காரணம் இன்னதென்று ஒன்றைச் சுட்ட இயலாது. தடுக்கக்கூடிய காரணங்களுக்கு வழி உண்டு. கருப்பையிற் சிசுவின் இருதயத்தைத் தாக்கும் ருபெல்லா நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. நீரிழிவுள்ள பெண் கருத்தரிக்குமுன் அதனைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம்.

இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருமை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் நிபுணர்கள் ஆற்றும் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் சிகிச்சை இலவசமாயினும் பயணம் இலவசமன்று. கமத்தை விட்டு, கூலியை இழந்து, மற்றப் பிள்ளைகளை அயலவரிடம் ஒப்படைத்துத் தலைநகர் செல்லும் குடும்பத்துக்கு, தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் ஒரு தண்டனை.

ஆதலின் நாம் கேட்பவை நான்கு. நாட்டிற் பிறக்கும் ஒவ்வொரு சிசுவும், எந்த மாவட்டத்து வைத்தியசாலையிற் பிறந்தாலும், ஒக்சிமீற்றர் சோதனையின்றி வீடு செல்லலாகாது. ஐயத்துக்குரிய பிள்ளைக்கு எக்கோ பரிசோதனை அதன் மாகாணத்துக்குள்ளேயே, காலந்தாழ்த்தாது கிடைக்க வேண்டும். தூரத்துப் பெற்றோரின் பயணத்துக்கும் தங்குதலுக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டும். பிள்ளையின் நெஞ்சைத் திறக்கச் சம்மதம் கேட்கும் கடிதமும் விளக்கமும் தாய்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். இவற்றில் ஒன்றேனும் செல்வந்த நாடுகளுக்கு மட்டும் உரிய ஆடம்பரமா? படித்தோர் இதற்காகக் குரல் கொடுக்கட்டும். கிராமத்துச் சங்கங்கள் தத்தம் வைத்தியசாலையில் இச்சோதனை நடைபெறுகிறதா என்று கேட்கட்டும்.

வரம்பு உடைந்தது விடியுமுன் தெரிந்தால் ஒரு கூடை மண் போதும். வயல் முழுதும் அள்ளுண்ட பின்னர் மலையைக் கொண்டுவந்து கொட்டினாலும் பயனில்லை.