முன்பள்ளிப் பாலரின் உரிமை

ஓர் இனத்தின் நாளைய வலிமையை மதிப்பிட விரும்புவோர் அதன் பாராளுமன்றப் பிரதிநிதிகளை எண்ணினாற் போதாது. அதன் முன்பள்ளிகளுக்குச் சென்று, பாலர் திறக்கும் உணவுப் பெட்டிகளையும் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பெட்டிகள் பலவற்றுள் இன்று இருப்பவை பிஸ்கற்றும் பையில் அடைத்த நொறுக்குத் தீனியுமே. குரக்கனும் எள்ளும் பயறும் விளையும் மண்ணில், முற்றத்தில் முருங்கை நிற்கும் வீட்டிலிருந்து, குழந்தை இவ்வாறு வருவது நம் எல்லோருக்கும் தலைகுனிவாகும்.

இதற்குத் தாய்மாரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பால்மாவும் முட்டையும் ஏழையின் கைக்கு எட்டாப் பொருள்களாயின. 1973 முதல் வழங்கப்பட்டு வந்த திரிபோஷாவும் அவ்வாண்டிற் சோளம் போதாமையால் தட்டுப்பட்டது. பெரியவர் ஒரு வேளைப் பசியை மறப்பர். வளரும் பருவத்திற் சத்திழந்த குழந்தையின் உடலும் மூளையும் அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்ய மாட்டா.

சட்டம் யாது கூறுகின்றது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரை, போதிய உணவையும் சிறுவரின் முழு வளர்ச்சியையும் அரசின் கடமைகளாக விதிக்கின்றது. அடுத்துவரும் 29ஆவது உறுப்புரையோ, அக்கடமைகளை நிறைவேற்றுமாறு எந்த நீதிமன்றத்தையும் நாட முடியாதென்கின்றது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 24ஆவது உறுப்புரை சத்துணவையும், 31ஆவது உறுப்புரை விளையாட்டையும் பேசுகின்றன. முன்பள்ளிகளின் மேற்பார்வை, 13ஆவது திருத்தத்தின்படி, மாகாண சபைக்குரியது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இலவசக் கல்வியோ முதலாம் வகுப்பிலேயே தொடங்குகின்றது. இவ்வாறு, சட்டப் புத்தகத்திற் பாலருக்கு எல்லாம் உண்டு. கேட்டுப் பெறுதற்கு வாசல்தான் இல்லை.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளை ஒருவரின் உணவுக்கான தொகை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதனை வரவேற்கின்றோம். ஆனால் அப்பணம் எங்கே செல்லவேண்டும் என்பதே எமது கேள்வி. நீர்வேலியில் வாழைக்குலைக்கு விலையின்றிக் கமக்காரன் கலங்கும் நாளில், அயலூர்ப் பாலர் தூரத்துத் தொழிற்சாலையின் பண்டத்தை உண்பது என்ன பொருளாதாரம்? பயறும் கவுப்பியும் கீரையும் வாழைப்பழமும் எமது தோட்டங்களிலிருந்தும், மீன் எமது கரைகளிலிருந்தும், கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக முன்பள்ளிகளுக்குச் செல்லுமாயின் அதே நூறு ரூபா இரு வீடுகளை வாழ்விக்கும்.

உணவோடு ஒட்டியது விளையாட்டு. மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலசைந்து இயங்கவேண்டும், அவற்றுள் 60 நிமிடங்கள் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்தை மிஞ்சலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நாமோ விஜயதசமியன்று ஏடு தொடக்கிய மறுநாளே கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பாலரை இருத்திவிடுகின்றோம். வீடு திரும்பியதும் சோறூட்டுவதற்குக் கைத்தொலைபேசியைக் காட்டுகின்றோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் மூன்று வயதிலேயே விழுகின்றது. மணலில் வீடு கட்டுவதும், ஊஞ்சலாடுவதும், ஓடிப்பிடிப்பதும் வீண்பொழுதென எண்ணும் பெற்றோர், கல்விக்கு அத்திவாரமிடாமலே கூரை வேய முற்படுகின்றனர்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. முன்பள்ளிகளை நடத்தும் சனசமூக நிலையங்கள் பைத் தீனியை வாசலிலேயே நிறுத்துக. 2025 மே மாதத்தில் தெரிவான பிரதேச சபைகள் தத்தம் வட்டாரங்களில் நிழல்மரமும் மணலும் ஊஞ்சலும் கொண்ட சிறு முற்றங்களை அமைக்க முன்வருக. சொற்ப கொடுப்பனவோடு தொண்டாற்றும் முன்பள்ளி ஆசிரியைகளின் ஊதியத்துக்காக எமது பிரதிநிதிகள் ஓயாது குரலெழுப்புக. கற்றோர் தத்தம் ஊர் முன்பள்ளிக்கு ஒருநாளேனும் சென்று பார்த்து வருக. தாய்மார் கீரையை முதல்நாள் துப்பிய குழந்தைக்கு வற்புறுத்தலின்றிப் பத்தாம் நாளும் வைத்துப் பார்க்க. நாச்சுவை பழக்கத்தால் வருவது.

உரிமைப் போராட்டத்தை நாம் கைவிடச் சொல்லவில்லை. அப்போராட்டத்தின் பயனை நாளை நுகரவேண்டியவர் இன்று மூன்று வயதிலிருக்கின்றனர். அவர்கள் வயிறார உண்டு வியர்க்க விளையாடுதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.